மீட்டர் முள் ஏன் ஏறியது?

முன்னாள் மாணவர் மலர் என்றாலே விடுதிச் சாப்பாடு, கட் அடித்துப் பார்த்த சினிமா, கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட கதை எல்லாம் வந்தே தீரும். வரட்டும், அதுதானே மலருக்கு அழகு! அவற்றை என்னைவிடச் சுவையாக எழுதுகிற நண்பர்கள் நம்மில் நிறைய. நான் எடுத்துக்கொண்டது ஆய்வகத்து மேசை ஓரத்தில் பழைய துணி போர்த்திக் கிடக்கும் ஒரு சின்னக் கருவியின் கதை. அதன் பெயர் கண்டக்டிவிட்டி மீட்டர். தமிழில் மின்கடத்துதிறன் மானி.

பாக்டீரியாவை வளர்த்து, கழுவி, தண்ணியில் கலக்கி, இந்த மீட்டரில் வைத்தால் எண் எங்கேயோ போய் நிற்கும். ‘ஐம்பதுக்குள் வரணும்’ என்று செய்முறை நோட்டு சொல்லும், மீட்டரோ ஐயாயிரம் காட்டும். உயிரியல், வேதியியல், மண்ணியல், ஜவுளி என்று எந்தத் துறையில் படித்தவருக்கும் இதில் ஒரு அனுபவம் இருக்கும். ‘மீட்டர் கெட்டுப் போச்சுங்க’ என்று எழுதிவிட்டுப் போனவர்கள் உண்டு. நின்று ஏன் என்று கேட்டவர்களும் உண்டு. அப்படிக் கேட்டவர்கள் விட்டுச் சென்ற வரலாறுதான் இந்தக் கட்டுரை.

நாக்கும் உடம்பும்

கொங்கு நாட்டில் பிறந்தவனுக்கு இந்த அளவை புதிதல்ல. கிணறு வெட்டினால் முதல் வாளித் தண்ணியை வாயில் ஊற்றிப் பார்த்து, ‘நல்ல தண்ணி’, ‘சப்பைத் தண்ணி’, ‘உப்புத் தண்ணி’ என்று தரம் பிரித்தார்கள் நம் பாட்டன்மார். நிலத்தையும் உவர், களர் என்று பிரித்தார்கள். உவர்மண் எடுத்துத் துணி வெளுத்தார்கள். நாக்குதான் அவர்களுடைய மீட்டர்.

அறிவியலில் முதல் மீட்டரும் மனித உடம்புதான் என்றால் வியப்பாக இருக்கும். இங்கிலாந்தில் ஹென்றி கேவண்டிஷ் 1770களில் கண்ணாடிக் குழாய்களில் உப்புக் கரைசலை நிரப்பி, அதன் வழியாக மின்சாரத்தைத் தன் உடம்பில் பாய்ச்சி, எந்தக் குழாயில் அதிர்ச்சி பலமாக இருக்கிறது என்று ஒப்பிட்டார். கடல்நீர் மழைநீரைவிட ஏறக்குறைய 100 மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்துகிறது என்று 1776ல் எழுதினார். அவருடைய மின்சார ஆராய்ச்சிக் குறிப்புகளில் பெரும்பகுதி பெட்டியிலேயே கிடந்தது. அவர் இறந்து 69 ஆண்டுகள் கழித்து, 1879ல்தான் மாக்ஸ்வெல் அதைப் பதிப்பித்து வெளியிட்டார்.

தண்ணியை முறையாக அளக்கக் கற்றுக்கொடுத்தவர் ஜெர்மனியின் ஃப்ரீட்ரிக் கோல்ராஷ். நேர்மின்சாரம் விட்டால் மின்முனையில் குமிழி கட்டும், அளவு பொய்யாகும். 1869 முதல் அவர் மாறுமின்சாரத்தைக் கையாண்டார். பிளாட்டினத் தகட்டின் மேல் கருப்புப் பிளாட்டினப் பூச்சு பூசினார். இன்றைக்கும் பல ஆய்வகங்களில் உள்ள ‘டிப் செல்’லின் முனை கருப்பாக இருப்பது அவர் வைத்த அடையாளம். 1894ல் அவரும் ஹைட்வைலரும் தண்ணியை மீண்டும் மீண்டும் வடித்து, உலகம் அதுவரை கண்டிராத சுத்தமான நீரைச் செய்தார்கள். அப்போதும் மின்கடத்தல் பூஜ்யத்துக்குப் போகவில்லை. தண்ணி தானே மிகச் சிறிதளவு பிரிந்து அயனியாகிறது என்பது தெளிவாயிற்று. அந்த அடிமட்டம் 25 பாகை வெப்பத்தில் 0.055 மைக்ரோசீமென்ஸ். இதற்குக் கீழே எந்தத் தண்ணியும் போகாது.

இதிலிருந்து மாணவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளலாம். குமிழி, மின்முனையில் அழுக்கு, பூச்சுத் தேய்மானம் போன்ற கருவிப் பிழைகள் பெரும்பாலும் எண்ணைக் குறைத்தே காட்டும். ஆகவே எண் கூடுதலாக வந்தால் மீட்டரைத் திட்டுவதற்கு முன் தண்ணியைச் சந்தேகப்படுவதுதான் முறை.

அலகின் பெயரிலும் ஒரு கதை உண்டு. தடைக்கு அலகு ‘ஓம்’. அந்த ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்களைத் தலைகீழாக்கி, கடத்தலுக்கு ‘மோ’ என்று பெயர் வைத்தார்கள். 1971ல் பன்னாட்டு எடை அளவை மாநாடு அதைச் ‘சீமென்ஸ்’ என்று மாற்றியது. ஆனாலும் மண் ஆய்வகங்களில் ‘மில்லிமோ’ என்ற பேச்சு வெகு காலம் போகவில்லை. நம்மில் மூத்தவர்களுக்கு, இருட்டில் பச்சையாகக் கண் சிமிட்டும் ‘மேஜிக் ஐ’ வால்வு வைத்த பிரிட்ஜ் நினைவிருக்கும். குமிழைத் திருகித் திருகி அந்தப் பச்சைக் கண் நன்றாக விரிகிற இடத்தைப் பிடித்தால்தான் அன்றைய செய்முறை முடியும்.

பாக்டீரியா தானே உப்பு செய்யுமா?

1899ஆம் ஆண்டு ஜி. என். ஸ்டூவர்ட் என்ற உடலியல் அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். பாக்டீரியா வளரும் ஊட்டக் கரைசலின் மின்கடத்துதிறன் நேரம் ஆக ஆக ஏறுகிறது என்பது அதன் சாரம். காரணம் எளியது. புரதம், சர்க்கரை போன்ற பெரிய மூலக்கூறுகள் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தமாட்டா. பாக்டீரியா அவற்றைத் தின்று அமிலமாகவும் அம்மோனியாவாகவும் உடைக்கிறது. உடைந்த துண்டுகள் அயனிகள், அவை கடத்தும். அதாவது மீட்டர் முள் ஏறுவது இங்கே பழுது அல்ல, உயிர் நடமாடுகிற செய்தி. 1926ல் பார்சன்ஸ், ஸ்டர்ஜஸ் இருவரும் இதே வழியில் பாக்டீரியா உண்டாக்கும் அம்மோனியாவைத் தொடர்ந்து கணக்கிட முயன்றார்கள்.

அந்த விதை மரமாக முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. 1970களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இதை வைத்தே கருவிகள் செய்தார்கள். ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரத்து டோரி ஆராய்ச்சி நிலையத்தில் உருவான முறை ஒன்று 1978ல் வெளியானது. பாலோ மீனோ, எந்த மாதிரியையும் ஊட்டக் கரைசலில் போட்டு, வெப்பத்தை நிலையாக வைத்து, மின்கடத்தல் எப்போது சட்டென்று ஏறத் தொடங்குகிறது என்று பார்ப்பார்கள். மில்லிலிட்டருக்கு பத்து லட்சம், ஒரு கோடி என்று பாக்டீரியா பெருகும்போதுதான் அந்த ஏற்றம் கண்ணில் படும். சீக்கிரம் ஏறினால் தொடக்கத்திலேயே கிருமி அதிகம் என்று பொருள். தட்டில் வளர்த்துக் காலனி எண்ண இரண்டு நாள் ஆகிற இடத்தில், இது சில மணி நேரத்தில் சேதி சொல்லிவிடும்.

பாக்டீரியாவின் உடம்பே மின்சாரத்தைக் கடத்துமா என்ற கேள்வி வேறு. 1925ல் ஹியூகோ ஃப்ரிக் இரத்தச் சிவப்பணுக்களை அளந்து, அணுவைச் சுற்றியுள்ள சவ்வு மெல்லிய மின்காப்புத் தோல் போல இருப்பதைக் கண்டார். அதன் தடிமன் சுமார் 3.3 நானோமீட்டர் என்று கணக்கிட்டார். அதாவது ஒரு மில்லிமீட்டரை மூன்று லட்சம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு! மின்நுண்ணோக்கி வருவதற்கு முன்னால் ஒரு மின்கடத்தல் கருவி சொன்ன கணக்கு இது. சாதாரண மீட்டரின் குறைந்த அதிர்வெண்ணில், முழுசாக இருக்கிற உயிரணு வழி விடாத கல் மாதிரிதான். ஆகவே பாக்டீரியாக் கலவையில் வரும் எண்ணின் பெரும்பகுதி அது மிதக்கிற தண்ணியின் எண்தான். 1960களில் கார்ஸ்டென்சனும் அவருடன் பணியாற்றியவர்களும் இதில் ஒரு திருத்தம் கண்டார்கள். பாக்டீரியாவுக்குச் சவ்வுக்கு வெளியே சுவர் ஒன்று உண்டு. அதில் ஒட்டியிருக்கும் அயனிகள் கொஞ்சம் கடத்தும். உப்பே இல்லாத தண்ணியில் மட்டும் அது கணக்கில் தெரியும்.

நம்ம ஊர்த் தண்ணி

இனி நம்ம ஊருக்கு வருவோம். சைதாப்பேட்டையில் 1868ல் தொடங்கிய விவசாயப் பள்ளி, 1906ல் கோவைக்கு இடம் மாறி வந்தது. அதுவே 1971ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆனது. கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912ல் வந்தது. மண்ணையும் நீரையும் எண்ணால் அளக்கிற பழக்கம் இந்த மண்ணில் வேர் விட்டது இத்தகைய இடங்களில்தான். அமெரிக்க வேளாண் துறையின் உவர்மண் கையேடு 1954ல் வந்த பிறகு, பாசன நீரை மின்கடத்துதிறன் கொண்டு நான்கு வகையாகப் பிரிப்பது உலகெங்கும் வழக்கமாயிற்று. 250க்குக் கீழே நல்ல நீர். 750 வரை நடுத்தரம். 2250 வரை உப்பு அதிகம். அதற்கு மேல் மிக அதிகம். எல்லாம் மைக்ரோமோ கணக்கு. பாட்டன் நாக்கால் பிரித்ததைப் பேரன் மீட்டரால் பிரித்தான், அவ்வளவுதான்.

கோவை மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிற ஊர். மழை குறைவு. அடியில் கெட்டிப் பாறை. பாறை இடுக்கில் பல காலம் தங்கிய நீர் தாதுக்களைக் கரைத்துக்கொண்டே வரும். 1932ல் பைக்காரா மின்சாரம் வந்தது. மில்கள் பெருகின, மோட்டார் பம்புகளும் பெருகின. கிணறு ஆழமானது, பிறகு போர் வந்தது. ஆழம் போகப் போகப் பல இடங்களில் உப்பும் ஏறியது. மறுபக்கம், 1920களின் இறுதியில் மலையிலிருந்து சிறுவாணி நீர் ஊருக்கு வந்தது. அதற்குப் பாடுபட்ட நகரசபைத் தலைவர் இரத்தினசபாபதி முதலியாரின் பெயர்தான் ஆர்.எஸ். புரத்தில் நிற்கிறது. மலைப்பாறை மேல் சட்டென்று ஓடிவரும் நீருக்கு உப்பைக் கரைக்க நேரமில்லை. அதனால்தான் அது இனிக்கிறது.

ஒரே ஊரில் இப்படி இரண்டு குழாய். ஆய்வகத்தில் வடிநீர் இயந்திரத்துக்கு எந்தக் குழாய் இணைப்பு என்பதைப் பொறுத்தே பாதி ஆராய்ச்சியின் தலையெழுத்து இருக்கிறது. போர் தண்ணி விட்டால் கொதிகலத்துக்குள் வெள்ளையாக உப்புப் படியும். கொதி அதிகமானால் துளித்துளியாக உப்பு நீர் ஆவியோடு தெறித்து வடிநீரில் சேரும். ‘டிஸ்டில்டு வாட்டர்’ என்று சீட்டு ஒட்டிய கேனுக்குள் என்ன இருக்கிறது என்று சீட்டுக்குத் தெரியாது. எத்தனையோ கல்லூரிகளில் இதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் ஆய்வக உதவியாளர்கள்தான். ‘இன்னிக்கு உப்புத் தண்ணி லைனுங்க சார், கேன்ல புடிக்க வேண்டாம்’ என்று சொன்ன அந்த அண்ணன்மார்களின் பெயர் எந்த ஆராய்ச்சிக் கட்டுரையிலும் ஏறவில்லை. ஏறியிருக்க வேண்டும்.

கழுவு, மறுபடியும் கழுவு

1988ல் டவர், மில்லர், ராக்ஸ்டேல் மூவரும் ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் மின்னதிர்ச்சி மூலம் டி.என்.ஏ.வை மிகத் திறம்படச் செலுத்தும் வழியை வெளியிட்டார்கள். சென்டிமீட்டருக்குப் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல், கண்ணிமைக்கும் நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். கலவையில் உப்பு மிச்சமிருந்தால் மின்சாரம் உயிரணுவை விட்டுவிட்டு உப்பு வழியே பாய்ந்து ‘பட்’ என்று வெடிக்கும். அன்றைய வேலை வீண். அதுவரை ‘இருந்தால் இருக்கட்டும்’ என்று விட்ட உப்பு, அன்றிலிருந்து உயிரித்தொழில்நுட்ப ஆய்வகங்களில் எதிரியாயிற்று. பாக்டீரியாவின் மேற்பரப்பு மின்னேற்றத்தை அளப்பவர்களுக்கும் இதே தலைவலிதான்.

இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்காக, இந்த வரலாறு கற்றுக்கொடுத்த வரிசையைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அலகைப் பாருங்க. மீட்டர் காட்டுவது மைக்ரோவா மில்லியா? ஆயிரம் மடங்கு வித்தியாசம் அங்கேயே போய்விடும். அடுத்து, தெரிந்த கரைசல் ஒன்றை அளந்து பாருங்க. 0.01 மோலார் பொட்டாசியம் குளோரைடு 25 பாகையில் 1413 மைக்ரோசீமென்ஸ் காட்ட வேண்டும். காட்டினால் மீட்டர் குற்றவாளி அல்ல. வெப்பத்தையும் கவனியுங்க. ஒரு பாகைக்கு ஏறக்குறைய 2 சதவீதம் ஏறும். சித்திரை வெயிலில் ஆய்வகம் 33 பாகை இருந்தால், அதுவே 16 சதவீதம் கூட்டிக் காட்டும்.

இரண்டாவது, பாக்டீரியா போடாத வெறும் கரைசலை அளந்து பாருங்க. அதுதான் ‘பிளாங்க்’. அதுவே அதிகமாக இருந்தால் பாக்டீரியாவைக் குறை சொல்லிப் பயனில்லை. நல்ல வடிநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு 1 மைக்ரோசீமென்ஸ் அளவுக்கு நிற்பது இயல்பு. பத்து, இருபது என்று வந்தால் தண்ணி, கேன், சோப்புப் போகாத கண்ணாடி, இந்த மூன்றில் ஒன்று. இன்னொரு திருட்டு வழியும் உண்டு. பி.எச். மின்முனைக்குள் அடர்ந்த பொட்டாசியம் குளோரைடு கரைசல் இருக்கிறது. அது கசிந்துகொண்டே இருக்கும். அதை முதலில் பீக்கரில் முக்கிவிட்டுப் பிறகு மின்கடத்தலை அளந்தால் முள் ஏறாமல் என்ன செய்யும்? மின்கடத்தல் முதலில், பி.எச். பிறகு.

மூன்றாவது, கழுவின கணக்கு. உடலியல் உப்புநீர் மட்டுமே சுமார் 15,000 மைக்ரோசீமென்ஸ். நிறைய உப்புப் போட்ட ஊட்டக் கரைசலை 20,000 என்று வைத்துக்கொள்வோம். சுழற்றி, மேல் நீரை ஊற்றிவிட்டு, 10 மில்லி புது நீர் விடுகிறோம். குழாயடியில் 1 மில்லி பழைய கரைசல் தங்கியிருந்தால், பத்தில் ஒரு பங்குக்கு நெருக்கமாக மிச்சம். முதல் கழுவலில் 2000, இரண்டாவதில் 200, மூன்றாவதில் 20. ஆனால் 0.1 மில்லி மட்டுமே தங்கும்படி கவனமாக வடித்தால், முதல் கழுவலில் 200, இரண்டாவதிலேயே 2. எத்தனை தரம் கழுவினோம் என்பதைவிட எப்படி வடித்தோம் என்பதே முக்கியம். வீட்டில் அரிசி களைகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான்காவது, நேரம். கழுவி முடித்தவுடன் ஒரு தரம், பத்து நிமிடம் கழித்து ஒரு தரம், அரை மணி கழித்து ஒரு தரம் அளந்து பாருங்க. எண் நிலையாக நின்றால் அது மிச்ச உப்பு. ஏறிக்கொண்டே போனால் உயிரணு கசிகிறது. உள்ளே அது சேர்த்து வைத்திருக்கும் பொட்டாசியம் வெளியே வருகிறது. உப்பிலிருந்து எடுத்துச் சட்டென்று வெறும் நீரில் போட்டது, வேகமாகச் சுழற்றி நசுக்கியது, சூட்டில் வைத்தது, கிழடு தட்டிய வளர்ப்பு என்று காரணம் பல. பனிக்கட்டியில் வைத்து, மெதுவாகக் கலக்கி, வெறும் நீருக்குப் பதிலாகக் கிளிசராலோ சர்க்கரைக் கரைசலோ பயன்படுத்தினால் கசிவு குறையும். இரண்டும் அயனி தராதவை. உயிரணுவுக்குத் துணையாக இருக்கும், மீட்டரை ஏமாற்றாது.

ஐந்தாவது, கடைசியாக ஒரு தரம் சுழற்றி, மேல் நீரை மட்டும் அளந்து கலவையின் எண்ணோடு ஒப்பிடுங்க. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் உப்பு நீரில் இருக்கிறது. நீர் சுத்தமாக இருந்தும் கலவை மட்டும் கொஞ்சம் கூடக் காட்டினால், கார்ஸ்டென்சன் சொன்ன சுவர் அயனிகள் உங்களிடம் பேசுகின்றன. அதை மேலும் கழுவித் துரத்த முடியாது, அது பாக்டீரியாவின் குணம்.

நொய்யல் கற்பித்த பாடம்

இதுவரை சொன்னது, உப்பைப் போக்குகிற கதை. உப்பைப் போக்கக் கூடாத கதையும் ஒன்று நம் மண்ணில் நடந்தது.

வெள்ளியங்கிரி மலைச்சாரலில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் சேரும் ஆறு நொய்யல். 1980களில் தொடங்கித் திருப்பூரின் பனியன் ஏற்றுமதி பெருகியது. சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் ஆற்றோரம் பெருகின. பருத்திக்குச் சாயம் ஏற்ற உப்பு வேண்டும். நீரில் பருத்தி இழைக்கும் சாயத்துக்கும் ஒரே வகை மின்னேற்றம், ஒன்றை ஒன்று தள்ளும். அந்தத் தள்ளலை அடக்குவதுதான் உப்பின் வேலை. லிட்டருக்கு 30 கிராம் முதல் 80 கிராம் வரை போடுவார்கள். துணிக்குள் போவது சாயம் மட்டுமே. உப்பு முழுவதும் கழிவு நீரோடு வெளியே வரும். சுண்ணாம்பு போட்டால் நிறம் குறையும். பாக்டீரியாத் தொட்டியில் விட்டால் கரிமக் கழிவு குறையும். ஆனால் எந்தப் பாக்டீரியாவும் உப்பைத் தின்று தீர்க்காது. தண்ணி கண்ணுக்குத் தெளிந்துவிடும், மீட்டர் முள் மட்டும் இறங்காது.

சென்னிமலை அருகே ஒரத்துப்பாளையம் அணை 1992ல் பாசனத்துக்காகக் கட்டி முடிக்கப்பட்டது. பயிருக்கென்று கட்டிய அணையில் சாயக் கழிவு தேங்கியது. ‘எங்களுக்கு அணைத் தண்ணியே வேண்டாமுங்க’ என்று விவசாயி சொல்கிற காலம் வந்தது. அணைக்காகக் காத்திருந்தவனே அணையை வேண்டாம் என்று சொன்னதுதான் இந்த வரலாற்றின் வேதனை. கிணறுகள் கெட்டன, தென்னை காய்ந்தது.

ஆயக்கட்டுதாரர்கள் சங்கம் அமைத்து நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2006ல் கழிவுநீர் வெளியேற்றத்தைப் பூஜ்யமாக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2009ல் உச்ச நீதிமன்றத்திலும் வழக்கு பேசப்பட்டது. 2011 ஜனவரியில், உத்தரவு நிறைவேறவில்லை என்று உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. ஆயிரக்கணக்கான தொழிலாளிகளின் அடுப்பு அணைந்தது அந்த மாதங்களில். பட்டறைக்காரரும் நம்மவர், விவசாயியும் நம்மவர், வேலை இழந்தவரும் நம்மவர். பிறகு சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கும் கருவிகளும் வைத்து நீரை மீட்டெடுக்கும் பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன.

இத்தனை பெரிய வழக்கில் மையமாக நின்றது கரைந்த உப்பின் அளவு. ஆற்றில் விடும் கழிவுநீருக்கு லிட்டருக்கு 2100 மில்லிகிராம் என்பது வரம்பு. மின்கடத்துதிறனில் அது ஏறக்குறைய 3300 மைக்ரோசீமென்ஸ். நிறத்தை மறைக்கலாம், நாற்றத்தை மறைக்கலாம். உப்பை மறைக்க வேண்டுமானால் நல்ல தண்ணி கலந்தே மறைக்க வேண்டும், அதற்கு இங்கே நல்ல தண்ணிக்கு எங்கே போவது?

நொய்யல் நீரில் பாக்டீரியா எண்ண ஒரு மாணவர் மாதிரி எடுத்து வந்து, ‘மின்கடத்தல் அதிகமாக இருக்கிறது, என்ன பிழை?’ என்று கேட்டால், ‘பிழை உன்னிடம் இல்லை, ஆற்றிடம் இருக்கிறது’ என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். அங்கே அந்த எண்ணைக் கழுவிப் போக்கிவிடக் கூடாது. எழுதி வைக்க வேண்டும்.

எண் சொல்வதும் சொல்லாததும்

கடைசியாக ஒரு எச்சரிக்கை. இன்று பேனா அளவில் டி.டி.எஸ். மீட்டர் எல்லார் கையிலும் இருக்கிறது. சுத்திகரிப்பு இயந்திரம் விற்க வருகிறவர் இரண்டு டம்ளரில் இரும்புக் கம்பி போட்டு மின்சாரம் விடுவார். நம் குழாய்த் தண்ணி பழுப்பாகிக் கலங்கும், அவருடைய தண்ணி அப்படியே நிற்கும். ‘பாத்தீங்களா, எவ்வளவு கிருமி!’ என்பார். கோல்ராஷைப் படித்தவர்கள் சிரிக்க வேண்டிய இடம் இது. உப்புள்ள நீர் மின்சாரத்தைக் கடத்துகிறது, அதனால் இரும்பு கரைந்து துருவாகிறது. கலங்கியது கம்பி, கிருமி அல்ல. உப்பில்லாத நீரில் மின்சாரம் பாயவில்லை, அதனால் ஒன்றும் நடக்கவில்லை.

மின்கடத்தல் குறைந்த நீரில் காலரா இருக்கலாம். மின்கடத்தல் மிகுந்த நீர் கிருமியே இல்லாமல் இருக்கலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், முள் இறங்காது. ஆவி போனதால் சற்றே ஏறவும் செய்யும். உப்புக்கு மீட்டர், உயிருக்குத் தட்டு வளர்ப்பு. ஒன்றின் சாட்சியத்தை மற்றொன்றுக்குக் கொடுக்கக் கூடாது. ஸ்டூவர்ட் காட்டியபடி இரண்டையும் சேர்த்து, நேரத்தோடு வைத்துப் பார்த்தால் மட்டுமே மீட்டர் உயிரைப் பற்றியும் பேசும்.

முடிவாக, முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாம் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், அவிநாசி, கோபி, தாராபுரம், கரூர் என்று கொங்கு நாடு முழுக்கப் பரவி இருக்கிறோம். அடுத்த சந்திப்புக்கு வரும்போது ஆளுக்கு ஒரு பாட்டில், சொந்தக் கிணற்று அல்லது போர் தண்ணி, கொண்டு வாருங்க. கொதிநீரில் அவித்த பாட்டில், மூடியைத் தொடாமல், பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, அன்று காலையில் பிடித்த நீராக இருக்கட்டும். இன்று படிக்கும் மாணவர்கள் மின்கடத்துதிறனையும் அளப்பார்கள், கோலிஃபார்ம் கிருமியும் பார்ப்பார்கள். முதல் வரியில் பிளாங்க், அடுத்த வரியில் 1413 கரைசல், அதற்குக் கீழே நம் ஊர்களின் பெயர்கள் என்று ஒரு நோட்டுப் போடட்டும். சந்திப்புக்குச் சந்திப்பு அந்த நோட்டு வளர்ந்தால், நம் பேரப்பிள்ளைகள் கிணற்றின் கதையைக் கேட்கும்போது கையில் எடுத்துக் கொடுக்க ஒன்று இருக்கும். மீட்டரின் மேல் கிடக்கும் துணியைத் துவைத்து வையுங்க, பாட்டிலோடு வந்து சேர்கிறோம்.